கூடமே இல்லை என்றால் எங்கே ஆடுவது?

(மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பொங்கல் விளையாட்டு விழாவில் பேசியது)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வந்துகொண்டே இருக்கிற, டத்தோ பட்டம் பெற்ற நம் பிரமுகர் அவர்களே, கோயில் தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, நாற்காலிகளை வாடகை இல்லாமல் கொடுத்த மளிகைக்கடை அண்ணன் அவர்களே, வெயிலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டேன், ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

நம் நாட்டு ஓட்ட வீராங்கனை எம். ராஜாமணி அம்மையாரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அவருடைய ஓட்டம். இரண்டு, பிறகு வந்து 100 மீட்டரை 11.50 விநாடியில் ஓடிய ஜி. சாந்தி. மூன்று, ஓடுகிற பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது.

என் பாட்டி அடிக்கடி சொல்லும்: 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.' ராஜாமணி அந்த மாதிரி ஆள் இல்லை. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார். மலேசியா என்ற பெயர் பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெயரில் 400 மீட்டர் ஓடினார். பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தை ஒலிம்பிக்கில் சேர்த்ததே அந்த வருஷம்தான். ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட் தங்கம் வாங்கினார். நம்மவர் பதக்கம் இல்லாமல் திரும்பினார். தடம் சரியில்லை, குளிர் அதிகம் என்று கூடத்தைக் குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. பதினாலு மாதம் கழித்து, 1965 டிசம்பரில் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 200, 400, 800 மீட்டர், அப்புறம் 4x100 அஞ்சல் ஓட்டம் என்று நான்கு தங்கம். 200 ஓடுகிற கால் வேறு, 800 ஓடுகிற மூச்சு வேறு. இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டினார். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில் வாங்கியவரும் அவரே.

என் அக்காவும் ஓட்டக்காரிதான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன். அக்கா அம்மாவுக்குத் துணையாக ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும். மழை வந்தால் கோப்பையில் தண்ணீர் இறங்கிப் பால் கெட்டுவிடும், அன்றைக்குக் கூலியும் போச்சு. அதனால் ஒரு தூறல் விழுந்தால் போதும், பால் சுமக்கிற காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு மர வரிசைகளுக்குள் நிரை நிரையாகப் பறக்கும். அந்த வருஷம் இதே திடலில் விளையாட்டு விழா. பரிசு ஒரு டின் மைலோ. அக்கா வெறுங்காலோடு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயா விசில் ஊதினார். பாதி தூரத்திலேயே மற்றவர்கள் பின்னால். கயிற்றை நெஞ்சில் வாங்குகிற நேரம் பார்த்து வானம் தூறியது. நிற்கவே இல்லை! கயிற்றையும் மாட்டிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தைத் தாண்டி, பால்மரக் காட்டுக்குள் போய்விட்டது. கயிற்றின் இந்த முனையைப் பிடித்திருந்த, வேலையை மேற்பார்க்கிற மண்டோரும் பத்தடி கூடவே ஓடினார். அன்றைக்குத் தோட்டத்துக்கு லீவு. ஒரு கோப்பையில்கூடப் பால் இல்லை. திரும்பி வந்த அக்கா கேட்டது ஒன்றுதான்: "மைலோவை யாருக்குக் கொடுத்தீங்க?"

டத்தோ வந்துவிட்டார். வாங்க டத்தோ, வணக்கம். அந்த முன் நாற்காலியை விடுங்கப்பா. மாலை எங்கே? சரி, அப்புறம் போடலாம்.

நல்ல நேரத்தில் வந்தீர்கள் டத்தோ. அக்கா ஓடிய பால்மரக் காடு செம்பனை ஆனது. செம்பனையும் போய் இப்போது அளவுக்கல் நடுகிறார்கள். பள்ளிக் கட்டடத்தைத் தொடமாட்டோம் என்கிறார்கள். நல்லது. ஆனால் இந்தத் திடல்? பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளி நம்முடையது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, மண் தோட்டத்தினுடையது. நாம் இத்தனை வருஷம் புல் வெட்டினோம், சுண்ணாம்புக் கோடு போட்டோம். நிலப் பட்டாவில் அந்தக் கோடு இல்லை. தோட்டத்தை வாங்கியவர் பெயரைச் சொல்லமாட்டேன், எல்லோருக்கும் தெரியும். கார் நிறுத்துமிடத்தில் ஓடட்டுமே என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். பாட்டி பழமொழி இங்கேதான் எனக்கு உதைக்கிறது. கூடம் கோணலாக இருந்தால் ஆடிவிடலாம். கூடமே இல்லை என்றால் எங்கே ஆடுவது? நம் பெண்பிள்ளைகளை ஆடத் தெரியாதவர்கள் என்று நாளைக்கு ஊர் சொல்லுமே!

மணி அடித்துவிட்டார்கள். சாந்தியைப் பற்றி அடுத்த பொங்கலுக்குச் சொல்கிறேன். சாப்பாட்டைத் தலைமையாசிரியை அம்மா சொல்வார்கள். திடலைப் பள்ளியின் பெயருக்கு மாற்றக் கேட்கிற மனு பந்தல் வாசல் மேசையில் இருக்கிறது. டத்தோ, முதல் கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும். பேனா மூன்று வைத்திருக்கிறேன், போட்டவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.