வழக்கு நடந்த கூடத்தில் வழிபாடு

அவையோருக்கு வணக்கம்.

பழைய நீதிமன்றம் ஒன்று தேவாலயம் ஆன கதையைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கதை நடந்த இடம் லிபியா. மத்தியதரைக் கடலோரத்தில் சப்ராத்தா, லெப்திஸ் மாக்னா என்று இரண்டு பழைய ஊர்கள். இரண்டுமே ரோமப் பேரரசின் கீழ் செழித்தவை. இன்று இடிபாடுகளாக நிற்கின்றன.

முதலில் சப்ராத்தா. கி.பி. 158, 159 வாக்கில் அங்கே ஒரு வழக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அப்புலேயஸ் என்ற எழுத்தாளர். இன்றைய திரிப்போலியில் இருந்த புதெந்தில்லா என்ற பணக்கார விதவையை அவர் மணந்துகொண்டார். சொத்து கைவிட்டுப் போகிறதே என்று அந்த அம்மாவின் உறவினர்களுக்கு ஆத்திரம். மந்திரம் போட்டு மயக்கிவிட்டான் என்று ஆளுநர் கிளாடியஸ் மாக்சிமஸ் முன்னால் வழக்குப் போட்டார்கள்.

அப்புலேயஸ் தன் வழக்கைத் தானே வாதாடினார். அந்த வாதம் முழுசாக இன்றும் கிடைக்கிறது. அதில் ஒரு கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. எதிர்த்தரப்பு புதெந்தில்லாவின் கடிதம் ஒன்றைச் சாட்சியாகக் கொண்டுவந்தது. 'அப்புலேயஸ் மந்திரவாதி, நான் மயங்கிக் கிடக்கிறேன்' என்று அவரே எழுதியிருக்கிறார் பாருங்கள் என்றார்கள். அப்புலேயஸ், கடிதத்தை முழுக்க வாசியுங்கள் என்றார். வாசித்தபோது, 'கெட்ட எண்ணம் கொண்டவர்கள் உன்னிடம் இப்படிச் சொல்லித் தருகிறார்கள்' என்று மகனைக் கண்டித்து அந்த அம்மா எழுதிய கடிதம் அது என்று தெரிந்தது. நடுவில் இரண்டு வரியை மட்டும் பிய்த்து எடுத்திருந்தார்கள். தீர்ப்பு ஏட்டில் இல்லை. ஆனால் பிற்பாடு அவர் ரோமானிய ஆப்பிரிக்காவின் தலைநகரான கார்த்தேஜில் புகழோடு வாழ்ந்தார். விடுதலை ஆகியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சந்தைத் திடலை ஒட்டி இருந்த பசிலிக்கா, அதாவது ரோமானியர் வழக்கு விசாரிக்கும் பெருங்கூடம், அதில்தான் இது நடந்திருக்கும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பேரரசரின் சிலைகள் முன்னிலையில் நிற்கிறோம் என்று அப்புலேயஸ் தன் பேச்சிலேயே சொல்கிறார். அதே கூடம் பின்னாளில் தேவாலயம் ஆனது.

ஏன் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஊரில் பெரிய பெரிய கோயில்கள் இருந்தனவே? ரோமானியக் கோயிலின் உள்ளறை தெய்வச் சிலைக்கானது. பலி நடப்பதும் கூட்டம் நிற்பதும் வெளியே. கிறிஸ்தவர்களுக்கோ நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் நின்று, வாசகம் கேட்டு, சேர்ந்து ஜெபிக்க இடம் வேண்டும். அந்த வசதி நீதிமன்றத்தில் இருந்தது. நீளமான நடுக்கூடம், இருபுறமும் தூண் வரிசை, கடைசியில் அரைவட்டமாக ஒரு மாடம். அதிகாரி உயரமாக அமர்ந்து விசாரித்த அந்தப் பக்கம் ஆயருக்கும் குருக்களுக்கும் அப்படியே பொருந்தியது. சாந்தோம் ஆலயத்துக்குள் போனவர்கள் நடுக்கூடத்தையும் பீடம் இருக்கும் கோடியையும் நினைத்துப் பாருங்கள். புதிதாகக் கட்டிய ஆலயங்களுக்கும் இந்தக் கூடத்தின் அமைப்பே முன்மாதிரி ஆனது.

சரி, லெப்திஸுக்கு வருவோம். கட்டட அழகில் சப்ராத்தாவை விட இது பல மடங்கு பெரிய விஷயம். பேரரசர் செப்திமியஸ் செவேரஸ் பிறந்த ஊர் இது. சொந்த ஊருக்கு அவர் வாரி இறைத்தார். எகிப்தின் அஸ்வானிலிருந்து சிவப்புக் கருங்கல் தூண்களைக் கடல் வழியே கொண்டுவந்து ஒரு பசிலிக்காவைத் தொடங்கினார். மகன் கரகல்லா 216-இல் முடித்தார். இரு கோடியிலும் அரைவட்ட மாடங்கள். அவற்றை ஒட்டிய சதுரத் தூண்களைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கொடி சுருண்டு சுருண்டு மேலே ஏறுகிறது, அதன் வளையங்களுக்குள் ஆட்களும் விலங்குகளும். ஒரு பக்கம் திராட்சைக் கொடியோடு மதுவின் தெய்வமான டயோனிசஸ், இன்னொரு பக்கம் ஹெர்குலிஸின் சாகசங்கள். இருவருமே ஊரின் காவல் தெய்வங்கள். துளைபோட்டுக் குடைந்திருப்பதால் வெயில் விழும்போது கொடி தனியாகவும் நிழல் தனியாகவும் தெரியும்.

அப்புறம் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் படையெடுத்து வந்தார்கள், ஊர் தேய்ந்தது, மணல் ஏறியது. 533-இல் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் படை ஆப்பிரிக்காவை மீட்கக் கிளம்பி வென்றது. லெப்திஸில் மணலில் புதைந்த பகுதியை அப்படியே விட்டுவிட்டு மிச்ச ஊருக்கு மட்டும் ஜஸ்டினியன் மதில் கட்டினார் என்றும், தேவமாதாவுக்கு ஓர் ஆலயம் அமைத்தார் என்றும் அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார். அந்த ஆலயம் செவேரஸின் பசிலிக்காவேதான் என்பது ஆய்வாளர் கருத்து. பழைய கட்டடத்தின் பெரிய தூண் தலைக்கல் ஒன்றையே பிரசங்க மேடை ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்மேடையை இன்றும் அங்கே பார்க்கலாம்.

டயோனிசஸையும் ஹெர்குலிஸையும் அவர்கள் உடைத்து எறியவில்லை. மாதாவுக்கு ஜெபம் நடந்த கூடத்தில் பழைய தெய்வங்களும் கொடிகளுக்குள் இருந்தன. அழகுக்காக விட்டார்களா, செதுக்கி எடுக்க ஆள் பலம் இல்லாமல் விட்டார்களா, எப்படியானாலும் நமக்கு அது பெரும் லாபம்.

எனக்கு உள்ள வருத்தம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இத்தாலியர் ஆட்சியில், 1920-களில் தொடங்கி, லெப்திஸ் மணலிலிருந்து வெளியே வந்தது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அன்றைய அரசுக்கு ரோமின் பெருமை வேண்டியிருந்தது. அதனால் பேரரசுக் காலத்துக்கே முதல் மரியாதை, பின்னால் வந்த அடுக்குகளுக்குக் கவனிப்பு குறைவு. இன்றும் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் செவேரஸோடு முடிந்துவிடுகிறது. ஜஸ்டினியன் காலத்து மக்கள் இந்தக் கூடத்துக்குள் வராமல் இருந்திருந்தால், கல்லுக்கு அலைந்தவர்கள் அதை எப்போதோ பிரித்துப் போட்டிருக்கக்கூடும். லெப்திஸின் தூண்கள் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸுக்குப் போயின. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போனவை இன்றும் வின்ட்சர் பூங்காவின் வர்ஜீனியா வாட்டர் ஏரிக்கரையில் அலங்காரத்துக்கு நிற்கின்றன.

இரண்டு ஊர்களும் 1982-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2016-இல் இரண்டும் ஆபத்தில் உள்ள மரபிடங்கள் என்று அறிவிக்கப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டே சப்ராத்தாவில் ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்டதில் ரோமானிய நாடக அரங்கின் மேல் குண்டுகள் பாய்ந்தன. லிபியா அமைதியாகி, பழுதுபார்க்கும் வேலை தொடங்கும் நாளில் என் வேண்டுகோள் இதுதான்: லெப்திஸின் அந்தப் பிரசங்க மேடையைப் பிற்காலத்து இடைச்செருகல் என்று ஓரங்கட்டாமல் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். சப்ராத்தாவின் கூடத்தில் அப்புலேயஸுக்கு ஒரு பலகை வைத்தால், அங்கே ஜெபித்த சபைக்கும் பக்கத்திலேயே ஒரு பலகை வையுங்கள்.