ஒன்பதாம் வகுப்பின் கொரியா

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் வெளிநாடு என்று சொன்னால், ஒரு காலத்தில் சிங்கப்பூர், துபாய், குவைத் என்றுதான் பதில் வரும். மாமாவோ சித்தப்பாவோ அங்கே இருப்பார். சென்ட் பாட்டிலோடு ஊருக்கு வருவார். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தோம், வெயிலில் எத்தனை மணி நேரம் நின்றோம் என்பதையும் சொல்வார். பளபளப்பும் அழுக்கும் ஒரே வாயிலிருந்து வந்துவிடும்.

இன்று அதே பிள்ளை கொரியா என்கிறது. பாட்டு, தொடர், காரமான நூடுல்ஸ், முகத்துக்குப் பூசும் சீரம் என்று எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. திண்ணையில் உட்கார்ந்து பேச ஆள் மட்டும் வரவில்லை. திரும்பி வந்தவர் இல்லாத நாட்டைப் பற்றி நம் பிள்ளைகள் ஒரு கருத்தை எப்படிக் கட்டுகிறார்கள், அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு தாள். நடுவில் ஒரு கோடு. முதல் 10 நிமிடம் இடப்பக்கம் மட்டும்: தென் கொரியாவைப் பற்றித் தெரிந்ததை 15 சிறு வாக்கியங்களாக எழுதட்டும். போன் கூடாது, பேச்சும் கூடாது. அடுத்த 10 நிமிடம் வலப்பக்கம்: ஒவ்வொரு வாக்கியமும் எங்கிருந்து வந்தது? தொடர் என்றால் ‘தொ’, ரீல்ஸ் என்றால் ‘ரீ’, பாடப்புத்தகம் ‘பா’, கடைச்சரக்கு ‘க’, நேரில் பார்த்த மனிதர் சொன்னது ‘ம’. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் தொ, ரீ இரண்டும் தாளை நிரப்பியிருக்கும். ‘ம’ ஒன்றுகூட இருக்காது.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. பேச விட்டுவிட்டு எழுதச் சொன்னால், வகுப்பிலே இருக்கும் ஒரே தீவிர ரசிகையின் கருத்துதான் நாற்பது தாளிலும் இருக்கும். பெயர் எழுதச் சொன்னால், ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதுவார்கள். எல்லாவற்றையும்விட மோசம், தாளைப் படித்தவுடன் சிரிப்பது. ‘சப்பை மூக்குக்காரன் பாட்டை எல்லாம் கேட்கிறியா’ என்று வீட்டில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளை அது. கேலி செய்தால் கருத்து இன்னும் இறுகும். தவிர, பெரியவர்களின் ‘சப்பை மூக்கு’ எந்தப் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது? அதற்கும் வலப்பக்கத்தில் ஓர் எழுத்துப் போட்டாக வேண்டும்.

பிறகு மூன்று வாக்கியங்களை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். பதினைந்தையும் சோதிக்கப் போனால் அது தேர்வுத்தாள் திருத்துவது போலாகிவிடும்.

‘பெரிய நாடு’ என்று சிலர் எழுதுவார்கள். தென் கொரியாவின் பரப்பு சுமார் 1,00,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாடு 1,30,058. மக்கள் 5 கோடிக்குச் சற்று மேல். அதில் பாதிப் பேர் சியோலிலும் அதைச் சுற்றியுமே இருக்கிறார்கள். தொடரில் வருவதும் பெரும்பாலும் அந்தப் பாதிதான்.

‘அங்கே சம்பளம் அதிகம்’ என்பது தவறாமல் வரும் வாக்கியம். 2025-இல் அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன், நம் பணத்தில் ஏறக்குறைய 600 ரூபாய். பிள்ளைகள் இதை எட்டால் பெருக்கி, முப்பதால் பெருக்கி, கனவில் வீடு கட்டிவிடுவார்கள். பெருக்கியவர்கள் வகுப்பதில்லை. சியோலில் சாதாரண ஓட்டலில் ஒருவேளைச் சாப்பாடு கிட்டத்தட்ட அந்த ஒரு மணி நேரக் கூலியையே தின்றுவிடும். ஊதியத்தை ரூபாயில் சொல்லாமல் ‘எத்தனை சாப்பாடு’ என்று சொல்லப் பழக்கினால் கணக்கு நேராகும். கொரியாவில் வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிற ஏஜெண்டுகளிடமும் இந்தக் கணக்கு உதவும். அந்நாட்டுத் தொழிற்சாலை, பண்ணை வேலைகளுக்கு அரசு வழியாக ஆள் எடுக்கும் அனுமதித் திட்டத்தில் நேபாளம், இலங்கை, வியட்நாம் எல்லாம் உண்டு, இந்தியா இல்லை. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

‘அங்கே பள்ளிக்கூடம் ஜாலி.’ சியோலில் தனிப்பயிற்சி வகுப்புகள் இரவு 10 மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்று விதி போட வேண்டி வந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள், போதும். டியூஷன் முடிந்து கடைசி டவுன் பஸ் பிடிக்கும் பிள்ளைக்கு மீதி புரிந்துவிடும்.

அப்புறம் நம் சொந்தப் பெருமை வரும்: ‘கொரிய ராணி தமிழச்சி, அம்மா அப்பா என்பது அங்கேயும் அம்மா அப்பாதான்.’ இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரிக்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சம்குக் யூசா என்ற கொரிய நூல், ஆயுதா என்ற நாட்டிலிருந்து கடல்வழி வந்த ஓர் இளவரசி பழைய கொரியாவின் கயா நாட்டு மன்னர் சுரோவை மணந்ததாகச் சொல்கிறது. ஆயுதா எது என்று அந்த நூல் இடம் காட்டவில்லை. அயோத்தி என்று சொல்லி அங்கே நினைவிடமே எழுப்பிவிட்டார்கள்; நாம் குமரிமுனைப் பக்கம் இழுக்கிறோம். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவது கி.பி. 48, எழுதியது ஆயிரத்திருநூறு ஆண்டு கழித்து. ‘ஓம்மா’, ‘அப்பா’ என்பவை அங்கே உண்மையிலேயே உண்டு. ஆனால் குழந்தையின் உதடு முதலில் பிடிக்கும் ஒலிகள் ம-வும் ப-வும்தான்; அதனால் உலகெங்கும் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் இப்படி ஒத்துப்போகும். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா! வினைச்சொல் கடைசியில் வருவது, சொல்லோடு உருபு ஒட்டுவது போன்ற ஒற்றுமைகள் மெய்யானவை. ஆனால் இதே அமைப்பு ஜப்பானிய மொழிக்கும் துருக்கிய மொழிக்கும் உண்டு. அதை வைத்து மொழியியலாளர்கள் தமிழையும் கொரிய மொழியையும் ஒரே குடும்பம் என்று ஏற்கவில்லை.

சரி, வேறு எழுத்துகளை வலப்பக்கத்தில் எப்படிக் கொண்டுவருவது? போனை இப்போது எடுக்கலாம். மூன்று ரீல்ஸை முழுதாகப் பார்த்தால் அதே மாதிரி இன்னும் பத்து வந்து விழும். அந்தச் சுழலுக்குள் இருந்துகொண்டு தேடிப் பயனில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் ‘நாற்று நடவு’ என்று போட்டு, வருகிற கொரிய எழுத்தை அப்படியே நகலெடுத்து வீடியோத் தளத்தில் தேடுங்கள். வெளிநாட்டுக்காரனுக்காக அலங்கரிக்காமல், கொரிய விவசாயி இன்னொரு கொரிய விவசாயிக்காக எடுத்த காட்சி வரும். தட்டில் வளர்த்த நாற்று, நடவு எந்திரம், ஓட்டுபவர் பெரும்பாலும் முதியவர். மே, ஜூனில் நடவு, இலையுதிர் காலத்தில் அறுவடை, ஆண்டுக்கு ஒரே போகம். நம் குறுவை, சம்பா, தாளடிக் கணக்கு அங்கே பனியிடம் பலிக்காது.

வீட்டில் தாத்தா இருந்தால் ஆடுதுறை 27 ரகத்தைக் கேளுங்கள். 1960-களின் நடுவில் தஞ்சை வயல்களில் குறுவைக்குப் பரவியது. நம் இண்டிகா நெல்லும் ஜப்பானின் ஜப்பானிகா நெல்லும் கலந்த ரகம். 1970-களில் கொரியாவும் இதே வகைக் கலப்பில் ‘தோங்கில்’ என்ற ரகத்தைப் பரப்பியது. விளைச்சல் ஏறியது. ஆனால் ஒட்டும் சோறு தின்று பழகிய நாக்குக்கு அது பிடிக்கவில்லை. 1978-இல் குலைநோய், 1980-இல் குளிர்க் கோடை. ரகம் மெல்ல வயலை விட்டுப் போனது. தொடர்களில் இந்தக் கொரியா வராது. டெல்டாப் பிள்ளைக்கோ இது உடனே பிடிபடும்.

கொரியர்களோடு பழகித் திரும்பி வந்தவர் யாருமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் என்ற கொரியக் கார் ஆலை ஓடி வருகிறது. சுற்றிலும் உதிரிபாக ஆலைகள். டிப்ளமோ முடித்து அங்கே வேலைக்குப் போன அண்ணன் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தால் 20 நிமிடம் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். ‘கொரியர்கள் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லவங்கதான்’ என்று முடித்துவிடுவார். ஷிப்ட் எத்தனை மணிக்கு, மேலாளரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள், அவர் மதியம் என்ன சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் ஓர் ஆலையின் கொரியாதான். அதையும் தாளில் ‘ம’ என்று குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்துப் புதிய தாளில் மறுபடி 15 வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.