நடந்ததைத்தான் காட்டினார்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

வன்முறையையும் அது விட்டுச்செல்லும் வடுவையும் பேசும் சிறுமுதலீட்டுப் படங்கள் நமக்குத் தேவை என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணித் தலைவர் 'கூழாங்கல்' படத்தைச் சுட்டி, "ஒன்றேகால் மணி நேரம் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை" என்றார், அவையும் கைதட்டியது. 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் உச்ச விருதான டைகர் விருது பெற்ற படம் அது என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். ஆனால் எனக்கு அந்த நடையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இயக்குநர் வினோத்ராஜின் சகோதரி, கணவர் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, கைக்குழந்தையோடு வெயிலில் பல கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்தவர். உடன்பிறந்தவர் படம் எடுத்தபோது அந்த நடையைப் பெண்ணின் காலிலிருந்து எடுத்து ஆணின் காலில் கட்டினார். மனைவியை அழைத்துவரப் போன குடிகாரக் கணபதி, பஸ்ஸுக்கான காசை மகன் வேலு கிழித்துப்போட்டதால், மதுரைப் பக்கத்துப் பொட்டலில் அத்தனை வெயிலையும் தன் தலையில் வாங்குகிறான். ஒன்றும் நடக்காமலா அவன் நடக்கிறான்?

எங்கள் வீட்டிலும் ஒருவர் நடந்து வந்தார். என் பெரிய அத்தை, ஒரு சித்திரை மாத நடுப்பகலில், இடுப்பில் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றார். செருப்பில்லை, குதிகாலில் உருகிய தார் ஒட்டியிருந்தது. ஆச்சி அதில் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தை ஒரு முறைகூடக் காலை இழுக்கவில்லை. ஏன் வந்தாய், யார் அடித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாத்தா மட்டும், "வெயில் தாழட்டும், கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்" என்றார், விட்டும் வந்தார். அந்த வீட்டில் அன்று நானும் இருந்தேன், நடுவர் அவர்களே. எனக்கு எட்டு வயது.

சென்ற ஆண்டு அத்தையை அருகில் உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டேன். கடைசிக் காட்சியில் பெண்கள் ஊற்றுக்குழியில் தண்ணீரைச் சிறுகச் சிறுக அள்ளிக் குடத்தில் சேர்க்கிறார்கள். அதுவரை வாய் திறக்காத அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அப்பா கொண்டாந்து விட்டுட்டுப் போனதும், நானும் மொதல்ல கொடத்தத்தான்டா எடுத்தேன்."