கடைவாய்ப்பல்லின் வேர்க்கவருக்குள் என்ன நடக்கிறது?

[காட்சி: மட்டக்களப்பு வாவிக்கரை. தண்ணீர் இறங்கிய இடத்தில் கண்டல் மரத்தின் முட்டுவேர்கள்.]

வாவி நிறைந்திருக்கும்போது இந்த மரத்தில் தண்டு மட்டும்தான் தெரியும். தண்ணீர் இறங்கினால் வேர்கள் பிரியும் கவர் வெளியே வரும். இடுக்கில் சேறும் பொலித்தீனும் சிக்கிக் கிடக்கும். கடைவாய்ப்பல்லிலும் அதேதான், ஆனால் அங்கே முரசு (ஈறு) நோயால் இறங்குவது எலும்பு. கிளினிக் கொப்பியில் ‘ஃபர்கேஷன் 2’ என்று எழுதியிருந்தால், உங்கள் பல்லின் வேர்க்கவர்வரை எலும்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

[படம்: கீழ், மேல் முதலாம் கடைவாய்ப்பற்கள்.]

கீழ்ப்பல்லுக்கு இரண்டு வேர், கவருக்குள் நுழைய இரண்டு வாசல். எனாமல் முடியும் கோட்டிலிருந்து கன்னப் பக்க வாசல் சுமார் 3 மி.மீ. கீழே, நாக்குப் பக்க வாசல் சுமார் 4. மேற்பல்லுக்கு மூன்று வேர், மூன்று வாசல்: முன்பக்கம் 3.6, கன்னப் பக்கம் 4.2, பின்பக்கம் 4.8 மி.மீ. அளவில். ஆக, முரசோடு சேர்ந்து எலும்பு நாலைந்து மில்லிமீற்றர் இறங்கினாலே வாசல் திறந்துவிடும்.

[அருகாமைக் காட்சி: வாசலும் கியூரெட் நுனியும் பக்கத்துப் பக்கத்தில்.]

சிக்கலெல்லாம் இந்த வாசலின் அகலத்தில்தான். 1979இல் முதலாம் கடைவாய்ப்பற்களை அளந்து பார்த்தபோது, 81 வீதமான வாசல்கள் 1 மி.மீ. அல்லது அதைவிடக் குறுகலாக இருந்தன. பாதிக்கு மேல் 0.75ஐத் தாண்டவில்லை. பல்லில் படிந்த காறையைச் சுரண்டும் கியூரெட்டின் அலகோ 0.75 முதல் 1.1 மி.மீ. அகலம். கருவியே நுழையாத இடத்தில் பிரஷ் எங்கே போகும்? உள்ளே போனாலும் வேரின் உட்பக்கம் பள்ளமாகக் குழிந்திருக்கும். நேரான அலகு மேட்டைத்தான் தொடும், பள்ளத்தில் காறை அப்படியே இருக்கும். அதனால் அதிர்ந்து காறையை உடைக்கும் ஒல்லியான அல்ட்ராசோனிக் நுனிதான் இங்கே நல்லது.

கவரில் எலும்பு போயிருப்பதைக் கண்டுபிடிக்க நேரான புரோப் (ஆழம் அளக்கும் கம்பி) உதவாது. வளைந்த நேபர்ஸ் புரோப் வேண்டும். அதில் 3 மி.மீ.க்கு ஒரு பட்டை. வேரோடு ஒட்டி இறக்கி, கவருக்குள் திருப்பினால் கொழுவும். 3 மி.மீ.க்குள் நின்றால் முதலாம் தரம். அதைத் தாண்டியும் மறுபக்கம் வராவிட்டால் இரண்டாம் தரம். ஊடுருவிப் போனால் மூன்றாம் தரம். அதிகம் தவறுவது மேற்பல்லின் முன்வாசலில்தான். அது அண்ணப் பக்கம் சாய்ந்திருக்கும், எனவே அண்ணத்திலிருந்துதான் நுழைய வேண்டும். கன்னப் பக்கத்திலிருந்து தேடிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினால் நோய் தப்பிவிடும்.

எக்ஸ்றேயில் கீழ்ப்பல்லின் கவர் கறுப்பாகத் தெரியலாம். மேற்பல்லில் அண்ண வேர் நிழலாய் விழுந்து மறைத்துவிடும், எக்ஸ்றேயை மட்டும் நம்பக் கூடாது.

இன்னொன்று: பல் நரம்பு செத்தாலும் கவரில் எலும்பு கரையும். குளிர் வைத்து நரம்பைச் சோதிக்காமல் முரசில் கை வைக்கக் கூடாது. நரம்பு செத்திருந்தால் முதலில் ரூட் கெனல் (நரம்பை எடுத்து அடைக்கும் சிகிச்சை). சிலவேளை அதோடு எலும்பும் திரும்பி வளரும்.

[காட்சி: சிகிச்சை அறை.]

முதலாம் தரத்துக்கு ஆழமான சுத்திகரிப்பு பெரும்பாலும் போதும். சுமார் 3 மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். வெற்றிலை, புகையிலை, சிகரட், கட்டுப்படாத சீனி வருத்தம் இருந்தால் எந்தச் சிகிச்சையும் அரைவாசிதான் பிடிக்கும்.

இரண்டாம் தரத்தில் முரசைத் திறந்து, எலும்புத் துகளும் மெல்லிய சவ்வும் வைத்துப் புதிய எலும்பு வளர்க்கலாம். கீழ்ப்பல்லில் நன்றாக வரும். மேற்பல்லின் முன், பின் வாசல்களில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சவ்வும் துகளும் பல பன்றி, மாட்டிலிருந்து வருபவை. காத்தான்குடி முஸ்லிமானாலும் ஆரையம்பதி இந்துவானாலும், இதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெளிவது நல்லது. செயற்கைத் துகளும் உண்டு.

மூன்றாம் தரத்தில், வேர்கள் அகன்று விரிந்த கீழ்ப்பல் என்றால், கவரைத் திறந்து, பிரஷ் நுழையும்படி சுரங்கம்போல் விட்டுவிடலாம். ஆனால் திறந்த வேரில் சூத்தை விழும். ஃபுளோரைட் தவறாமல் வேண்டும். ஒரு வேரை வெட்டி எடுக்கவும் முடியும். அதற்கு முன் மிஞ்சும் வேருக்கு ரூட் கெனல் முடிய வேண்டும், பிறகு பல்லுக்கு மேல் போடும் உறையான கிரவுனும் தேவை. மிஞ்சிய வேர் வெடிப்பதுதான் இதில் வழக்கமான தோல்வி. வேர்கள் ஒட்டிப் பிறந்திருந்தால் இந்த வேலையே சரிவராது. ‘பல் ஆடல்ல, நோவும் இல்ல, மறுகா ஏன் கழட்டணும்?’ என்று கேட்பீர்கள். நோவு இல்லாமலே எலும்பு போவதுதான் இந்த நோயின் குணம். ஆனால் ஆடாத பல்லை மூன்றாம் தரம் என்பதற்காக மட்டும் அவசரமாகக் கழற்றவும் வேண்டாம்.

[அருகாமைக் காட்சி: கண்ணாடி முன், பல்லிடுக்கு பிரஷ்.]

வீட்டில்: பல்லிடுக்கு பிரஷின் கம்பியைக் கொஞ்சம் வளைத்து, முரசோரமாகக் கவர் வாசலில் வையுங்கள். உரசல் தெரிய வேண்டும், கம்பி வேரில் இடிக்கக் கூடாது. இடித்தால் ஒரு அளவு சிறியதை எடுங்கள். உள்ளே வெளியே நாலைந்து தடவை, இரவில் ஒருமுறை. முதற் சில நாட்கள் இரத்தம் வரும், அதற்காக நிறுத்தாதீர்கள். இரண்டு கிழமை கழித்தும் வந்தால், அடுத்த தவணைவரை காத்திருக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.