நெடுந்தீவுக்குப் போகிறீர்களா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்கு நெடுந்தீவு போகலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைவரை பஸ்ஸிலேயே போய்விடலாம். அப்புறம் படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். தீவில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்; நல்ல தண்ணீர்க் கிணறு உவர்க்கிணறாகிவிடும்.

ஒருமுறை நான் அங்கே ஒரு கிணற்றடியில் வாளியைத் தூக்கி முகம் கழுவப் போனேன். குடத்தோடு நின்ற அம்மா ஒருவர், "தம்பி, கை கால் கழுவ உந்தப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி காணும். இது குடிக்கிற தண்ணி" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அன்றிலிருந்து எங்கே போனாலும் எந்தக் கிணறு எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தொடுகிறேன்.

தீவிலுள்ள குதிரைகளுக்கும் அதே தாகம்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை, கட்டாக்காலியாகத் திரிகின்றன. அவற்றின் மேய்ச்சல் நிலத்தை உள்ளடக்கி 2015இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. புல்வெளியில் ஒரு குட்டி, யாரோ வீசிய சாப்பாட்டுப் பொலித்தீன் தாளை உப்புச்சுவைக்காக நக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பிடுங்கி எடுக்கப் போனால் தாளைக் கவ்விக்கொண்டே ஓடிவிட்டது. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. தயவுசெய்து கொண்டுபோன போத்தல், தாள் எல்லாவற்றையும் அதே பையில் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

சரி, சுற்றிப் பார்ப்பது எப்படி? நிலம் தட்டையானது, சைக்கிளே போதும். பழைய கோட்டை, பருத்த அடியுள்ள பெருக்குமரம் (பயோபாப்) இரண்டையும் ஆறுதலாகப் பார்க்கலாம். வழியெங்கும் வேலிக்குப் பதிலாக முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில்கள். சாந்து பூசாமல் வெறுமனே அடுக்கியவை. படம் எடுக்க அவற்றின்மேல் ஏறவேண்டாம். ஒரு கல் சரிந்தால் அந்த வழியால் ஆடுமாடு வளவுக்குள் புகுந்துவிடும்.

மாரி ஓய்ந்த தை, மாசியில் போனால் புல் பச்சையாக இருக்கும். முடிந்தால் ஓரிரவு தங்குங்கள். சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவைத்தால் அன்று பிடித்த மீனில் குழம்பு வைத்துத் தருவார்கள். காசும் தீவிலேயே நிற்கும். புறப்படும்போது ஒரு பனையோலைப் பெட்டியும் காயவைத்த பனங்கிழங்கான ஒடியல் கொஞ்சமும் வாங்கிக்கொண்டு படகேறுங்கள்.

வணக்கம்.