அமைச்சர் தொகுதிக்கு வந்தால் என்ன கேட்க வேண்டும்?

வணக்கம் மக்களே. பட்ஜெட் வாசித்து முடித்ததும் நம் ஊர்களில் ஒரு சீசன் தொடங்கும், கவனித்திருப்பீர்கள். அமைச்சர்கள் சொந்தத் தொகுதிக்கு வருவார்கள். கல்யாண மண்டபத்தில் கூட்டம், பொன்னாடை, அப்புறம் முகநூலில் நேரலை. "நம் தொகுதிக்கு இத்தனை கோடி கொண்டு வந்திருக்கிறோம்" என்று ஆரம்பித்து மருத்துவமனை, பாலம், உதவித்தொகை, பள்ளிக் கட்டடம் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசியில் கோயில் குடமுழுக்குத் தேதி, மாவட்ட அளவில் ஜெயித்த கபடி அணிக்கு வாழ்த்து.

அப்படிப்பட்ட நேரலைகளைத்தான் கொஞ்ச நாளாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாருடையது என்று சொல்லப் போவதில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பேச்சின் அச்சு ஒன்றுதான். பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்பதும் என் புகார் இல்லை. பெரும்பாலும் எல்லாமே உண்மைதான். ஆனால் யார் யாருடைய பணமோ ஒரே பையில் போடப்படுகிறது. நேற்று அறிவித்ததும் போன வருஷம் கட்டி முடித்ததும் ஒரே பட்டியலில் வருகின்றன. கேட்கிற நமக்கு எல்லாம் நாளைக்கே வந்துவிடும் போலத் தோன்றுகிறது. இதைப் பிரித்துக் கேட்பது எப்படி என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் பணம். தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். அரசியல் சட்டத்தின் 91-வது திருத்தப்படி சட்டமன்ற பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. அதாவது முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். அதனால் தொகுதிக்கு ஓர் அமைச்சர் வாய்ப்பது பெரிய விஷயம் என்று நினைக்கிறோம். ஒரு வகையில் பெரிய விஷயம்தான், அதிகாரி போனை எடுப்பார். ஆனால் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்று எடுத்துக்கொண்டால், வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். அமைச்சருக்கும் அதே 3 கோடி, எதிர்க்கட்சியில் முதல் முறை ஜெயித்து வந்தவருக்கும் அதே 3 கோடி. அங்கன்வாடி, நியாயவிலைக் கடைக் கட்டடம், பயணியர் நிழற்குடை, சின்னச் சாலை என்று இந்த நிதியில் நடக்கும் வேலைகளை உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார். "கோடிக்கணக்கில் கொண்டு வந்தேன்" என்கிற பேச்சில் இந்த 3 கோடி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

மற்றது எது? அவருடைய சொந்தத் துறையின் பணம் ஒன்று. அதில் அவர் கை ஓங்கியிருக்கும். இன்னொன்று பிற துறைகளின் பணம். உயர்கல்வி அமைச்சர் தன் தொகுதியில் பாலம் கேட்க வேண்டுமென்றால் நெடுஞ்சாலைத் துறை அமைச்சரிடம்தான் போய் நிற்க வேண்டும். மூன்றாவது, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து போடுகிற பணம். குடிநீர் இணைப்புக்கான ஜல் ஜீவன் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குப் பாதிக்குப் பாதி, கிராமப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40. ஆனால் திறப்பு விழாக் கல்வெட்டில் இந்தக் கணக்கைத் தேடினால் கிடைக்காது. பெயர் மட்டும் இருக்கும்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2023 மார்ச் 20-ஆம் தேதி பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகை அறிவிப்பு வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய், செப்டம்பர் 15-ஆம் தேதி தொடக்கம், ஒதுக்கீடு 7,000 கோடி. அன்றைக்குத் தெருவில் பேச்சு என்னவாக இருந்தது? ரேஷன் கார்டு இருக்கிற எல்லா வீட்டுக்கும் உண்டு என்று ஒருவர் சொல்ல, இல்லை இல்லை என்று இன்னொருவர் சொல்ல, ஒரே குழப்பம். ஆனால் பதில் அந்த இரண்டு எண்களிலேயே இருந்தது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஏழு மாதம். ஒரு பெண்ணுக்கு ஏழாயிரம் ரூபாய். 7,000 கோடியை ஏழாயிரத்தால் வகுத்தால் ஒரு கோடிப் பெண்கள். மாநிலத்தில் குடும்ப அட்டைகளோ இரண்டு கோடிக்கு மேல். பாதி வீடுகளுக்குக் கிடைக்காது என்பது அறிவித்த அன்றே தெரிந்த சங்கதி. பிறகு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், வீட்டில் கார் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் வந்தபோது பலர் அதிர்ச்சியடைந்தார்கள். காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது பயன்பெற்றவர்கள் 1 கோடியே 6 லட்சம் பேர். கணக்கு கிட்டத்தட்டச் சரியாகத்தான் வந்தது.

அடுத்து 2025-26 பட்ஜெட்டைப் பாருங்கள். 2025 மார்ச் 14-ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்தது. அதே திட்டத்துக்கு ஒதுக்கீடு 13,807 கோடி. முழு வருஷம், ஒருவருக்கு 12,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் 1 கோடியே 15 லட்சம் சொச்சம். அப்போது ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கையே அவ்வளவுதான். அப்படியென்றால், அந்தப் பணத்துக்குள் புதிதாகச் சேர்க்க இடமே இல்லை. விடுபட்டவர்களைச் சேர்ப்போம் என்று சொல்லும் அரசு கூடுதல் நிதி தேடியே ஆக வேண்டும். "விடுபட்ட சகோதரிகள் அனைவருக்கும்" என்று மேடையில் யாராவது ஆரம்பித்தால், நீங்கள் மனசுக்குள் வகுத்தலை ஆரம்பித்துவிடுங்கள்.

வீட்டுக்கும் இதே வைத்தியம்தான். குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்டித் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஓர் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடு, மொத்தம் 3,500 கோடி. கேட்கும்போது காது குளிர்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு எட்டு வீடு. உங்கள் ஊராட்சியில் எத்தனை குடிசை என்று உங்களுக்குத் தெரியும். இது திட்டத்தைக் குறை சொல்வதற்காக இல்லை. எட்டு வீடு என்பது எட்டுக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் அந்த எட்டில் நம் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்கிற புத்தி, "ஒரு லட்சம் வீடு" என்று கேட்டுக் கைதட்டும்போது வராது.

அப்புறம், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. எந்தப் பணம் என்று தெரிந்த பிறகும், அது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமே. சில அறிவிப்புகள் மறுநாளே நடக்கும். 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் பி.டி.ஆர். பழனிவேல் தியாகராஜன் வாசித்த பட்ஜெட்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். மறுநாள் பங்கில் விலை இறங்கியிருந்தது. வரி என்றால் அப்படித்தான், உத்தரவு போட்டால் முடிந்தது. கட்டடமும் பாலமும் அப்படி இல்லை. பட்ஜெட்டில் வந்த பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையின் ஒப்புதலைக் கேட்கும். கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகத்தைத் துறை அமைச்சர் அவையில் வைப்பார். பதிலுரையின் முடிவில் புதிய அறிவிப்புகளை வரிசையாக வாசிப்பார். உங்கள் ஊர்ப் பெயர் முதல் தடவையாகக் காதில் விழுவது பெரும்பாலும் அங்கேதான், பட்ஜெட் உரையில் இல்லை. முதலமைச்சர் சட்டமன்ற விதிகளில் 110-வது விதியின் கீழ் அறிவிப்பதும் உண்டு. அதன் மேல் விவாதம் கிடையாது.

அது வரைக்கும் எல்லாம் வாய்ச்சொல்தான். அரசாணை வந்தால்தான் காகிதம். இதோ, அப்படி ஓர் அரசாணையைத் திரையில் வைக்கிறேன். மேலே "சுருக்கம்" என்று போட்டு, துறையின் பெயர், எதைப் பற்றி, கடைசியில் "ஆணை வெளியிடப்படுகிறது" என்று ஒரு நீளமான வரி. அதற்குக் கீழே அரசாணை எண், நாள், திருவள்ளுவர் ஆண்டு. அடுத்து "படிக்கப்பட்டவை" என்று பழைய கடிதங்களின் வரிசை. இதை யாரும் படிக்க மாட்டார்கள். நான் முதலில் படிப்பதே இதைத்தான். எந்த வருஷம் யார் முதலில் கேட்டது, கோப்பு எத்தனை காலம் சுற்றியது எல்லாம் இங்கே தேதியோடு இருக்கும். நேற்றுவந்தவர் "நான்தான் கொண்டு வந்தேன்" என்று சொல்லும் பாலத்துக்கு, படிக்கப்பட்டவையில் முதல் கடிதம் பத்து வருஷப் பழசாக இருந்தால் சிரிப்பு வரும்.

அதற்குக் கீழே "ஆணை" பகுதி. இங்கே இரண்டு விஷயம் பாருங்கள். நிர்வாக ஒப்புதல், அதாவது வேலைக்குச் சம்மதம் மட்டுமா, பணத்துக்கான நிதி ஒப்புதலும் சேர்த்தா? செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்படும் என்று நீளமாக எண்கள் இருக்கின்றனவா? எண்கள் இருந்தால் பணத்துக்கு முகவரி கிடைத்துவிட்டது. அதற்கப்புறமும் தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று படிகள் உண்டு. அடிக்கல் நாட்டு விழா இதில் எந்தப் படியில் வேண்டுமானாலும் நடக்கும் என்பதுதான் வேடிக்கை. சில இடங்களில் ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால் கல் நட்டாச்சா என்று கேட்காதீர்கள், பணி ஆணை கொடுத்தாச்சா என்று கேளுங்கள். ஒப்பந்தப்புள்ளி விவரங்கள் அரசின் டெண்டர் இணையதளத்தில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதிகள் வந்துவிட்டால் புதிய வேலை தொடங்க முடியாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலை நிற்காது. தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் பணி ஆணைக்கு இருக்கும் அவசரம் இதனால்தான்.

மத்திய அரசு பணம் தரவில்லை என்ற பதிலும் அடிக்கடி வரும். உடனே சாக்குப்போக்கு என்று தள்ளிவிடவும் வேண்டாம், அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சுமார் 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது உண்மை. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் அதே பதிலை மாநிலத்தின் சொந்த நிதியில் நடக்கும் வேலைக்கும் யாராவது சொன்னால், அங்கே நிறுத்திக் கேட்கலாம்.

மனுக்கள் பற்றி. நேரலை முடிந்ததும் கூட்டம் மேடையை மொய்க்கும். அமைச்சர் மனுவை வாங்கி, ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உதவியாளரிடம் கொடுப்பார். நம் ஆள் வேலை முடிந்த மாதிரி வீட்டுக்குப் போவார். அந்தக் கையெழுத்து ஒரு பரிந்துரை, அவ்வளவுதான். முதியோர் உதவித்தொகையோ பட்டாவோ, ஆணை போடும் அதிகாரம் வருவாய்த் துறை அதிகாரியிடம்தான். மனு அங்கே போய்ச் சேர்ந்து எண் விழுந்ததா என்பதுதான் கேள்வி. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் ரசீது கிடைக்கும். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்து பதிந்தாலும் எண் உண்டு. அமைச்சரிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகக் கொடுங்கள். ஒரு நகலை எண் விழும் இடத்திலும் கொடுங்கள்.

பதிலே வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் "ஏன் கட்டவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்தப் பணிக்கான அரசாணையின் நகல், பணி ஆணையின் நகல், இதுவரை செலவான தொகை" என்று கேளுங்கள். ஆவணம் கேட்டால் ஆவணம் கொடுத்தாக வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லை என்று வரும் பதில்தான் சில சமயம் ரொம்ப உபயோகமானது.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு முறை. அமைச்சர் வந்தால் திருவிழாக் கூட்டம், கிராம சபை என்றால் பத்துப் பேர், அதிலும் பாதி நூறு நாள் வேலை அட்டைக்குக் கையெழுத்துப் போட வந்தவர்கள். கனவு இல்லப் பயனாளிகள் பட்டியலை வைத்துக் கேள்வி கேட்கிற இடம் அதுதான். கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு நிரப்புவது பல ஊர்களில் நடக்கிறது.

திரையில் காட்டிய அரசாணையின் படத்தை வீடியோவுக்குக் கீழே வைத்திருக்கிறேன், நிதானமாகப் படித்துப் பாருங்கள். அடுத்த வீடியோவில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். வருகிறேன்.