ஒரே அரங்கில் இரண்டு பேர்

(சென்னை மயிலாப்பூரில் ஒரு திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

விளக்குப் போட்டதுமே பின்வரிசையில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. ஒருவர் "பிரமாதம்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "சினிமாக்காரங்களைப் பத்தி இவ்வளவு கசப்பா எடுக்கணுமா?" என்று கேட்டார். இந்த ஹாலிவுட் படம், 'சன்செட் புலவார்ட்', 1950-இல் வந்தபோது எழுந்த கேள்வியும் அதுதான்.

ஒரு படத்துக்குக் 'கலவையான விமர்சனம்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். யாருக்கு உறுத்தியது, எந்த இடத்தில் உறுத்தியது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் படத்தை முதலில் உலுக்கியவர்கள் சாதாரண ரசிகர்கள். இயக்குநர் பில்லி வைல்டர் முதலில் எடுத்த தொடக்கம் பிணவறையில் நடக்கும். அங்கே பிணங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். இல்லினாய் மாநிலத்தில் முன்கூட்டியே போட்டுக் காட்டினார்கள். பிணத்தின் கால் விரலில் சீட்டைக் கட்டியதும் அரங்கமே சிரித்துவிட்டது. வைல்டர் அந்தக் காட்சியையே தூக்கிவிட்டார். நீச்சல் குளத்தில் மிதக்கும் உடலோடு நாம் இன்று பார்க்கும் தொடக்கம், அந்தச் சிரிப்பு கொடுத்தது.

வெளியானபோது பெரும்பாலான விமர்சகர்கள் பாராட்டினார்கள். பதினொரு ஆஸ்கர் பரிந்துரைகள், மூன்று விருதுகள். கோபம் தொழிலுக்குள்ளிருந்து வந்தது. காரணம் இருக்கிறது. மறக்கப்பட்ட நட்சத்திரமாக நடிக்கும் குளோரியா ஸ்வான்சன் உண்மையிலேயே மௌனப்பட நட்சத்திரம். வீட்டுத் திரையில் அவர் பார்க்கும் படம் அவரே நடித்த 'குயின் கெல்லி'. அதை இயக்கிய எரிக் வான் ஸ்ட்ரோஹைம்தான் இங்கே பணியாளாக நின்று அந்தப் படத்தை ஓட்டுகிறார். சீட்டு விளையாட உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மௌனப்பட நகைச்சுவை நட்சத்திரம் பஸ்டர் கீட்டன். கற்பனைக் கதை என்று எப்படி ஒதுக்க முடியும்?

திரையுலகினருக்கு மட்டும் போட்டுக் காட்டிய அன்று, நடிகை பார்பரா ஸ்டான்விக் மண்டியிட்டு ஸ்வான்சனின் ஆடை நுனியை முத்தமிட்டாராம். அதே திரையிடல் முடிந்து, எம்ஜிஎம் ஸ்டுடியோ தலைவர் லூயி பி. மேயர், சோறு போட்ட தொழிலையே கேவலப்படுத்திவிட்டாய் என்று வைல்டரிடம் கத்தினாராம். இருவருமே படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்பது என் கட்சி.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1944 நவம்பரில் வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நட்சத்திரங்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். தண்டனை விதிக்கப்பட்டு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகு, 1947-இல்தான் வெளியே வந்தார்கள். கைதுக்கு முந்தைய தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதில் இரண்டு தீபாவளிக்கு அதன் நாயகன் பாகவதர் சிறையில் இருந்தார். வெளியே சனம் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருந்தது.

என் பாட்டி அந்தச் சனத்தில் ஒருத்தி. வழக்கைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "பாகவதர் பாட்டு தெரியுமா உனக்கு? தெரிஞ்சா பேசு" என்று எழுந்து போய்விடுவாள். சென்னையின் அந்த நாட்களை ஒருவர் துணிந்து இருட்டுப் படமாக எடுத்தால், முழு மனதோடு கைதட்டத் தயாராக இருக்கிறேன். பாட்டி இருந்திருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பாள். அவள் சொல்வதையும் விமர்சனமாக எழுதிவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.